ஒரு தடவைதான் கேட்பார்கள்

முதன்முதலாக அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது, கணவனுடைய சூப்பர்வைசர் வீட்டில்.

வெளிநாட்டுக்கு வந்து இறங்கிய புதிது. கணவன் லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். கூப்பிட்டிருக்கிறார்களே, வயிறு காலியாக இருந்தால்தானே அவர்களுக்கும் மரியாதை என்று இரண்டு பேரும் மதியம் பேருக்கு நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பஸ் மாறி, மேடு ஏறி, வீட்டைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தபோது குடல் கூப்பாடு போட்டது. சூப்பர்வைசரின் மனைவி சிரித்த முகத்தோடு டீயும் கேக்கும் கொண்டுவந்து வைத்து, "கேக் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, வேண்டாங்க. இப்பதான் சாப்பிட்டு வந்தோம்" என்றாள் இவள்.

நம் வீடாக இருந்தால் இதற்கடுத்து என்ன நடக்கும் என்பது பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். "அதெல்லாம் முடியாது, ஒரு வாயாவது சாப்பிட்டே ஆகணும்" என்று தட்டு கைக்கு வந்துவிடும். "சரி, கொஞ்சூண்டு போதும்" என்போம். கொஞ்சூண்டு கேட்டவருக்குத்தான் பெரிய துண்டாக விழும். அந்த அம்மாவோ "அப்படியா, சரி" என்றார். தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவரும் அவர் கணவரும் ஆளுக்கொரு துண்டை ரசித்து ரசித்துச் சாப்பிட, இவர்கள் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் கணவன் கேட்டான்.

"ஏம்மா, உனக்கு வேண்டாம்னா நீ சொல்லிக்கோ. எனக்கும் சேர்த்து எதுக்குச் சொன்ன?"

"நான் என்னத்தக் கண்டேன்? இன்னொரு தடவை கேப்பாங்கன்னு பார்த்தேன்."

"இங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. வந்த புதுசுல நான் பட்டினி கிடந்து கத்துக்கிட்ட பாடம் இது."

"அப்ப நீங்க வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"பொண்டாட்டி வேண்டாம்னு சொன்ன பிறகு நான் குடுங்கன்னு கைய நீட்டினா, என்னடா இவன் இப்படி அலையறான்னு நினைக்க மாட்டாங்களா?"

"பாடம் படிச்ச லட்சணம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, பசியே பாதி அடங்கிப் போனது.

இனிமேல் யார் எது கொடுத்தாலும் முதல் தடவையே வாங்கிக்கொள்வது என்று அன்றைக்கே சபதம் போட்டுக்கொண்டாள். சபதம் போட்டது மனசு. நாக்குக்கு யார் சொல்வது? பிறந்ததிலிருந்து "வேண்டாம்" என்று தொடங்கியே பழகிய நாக்கு அது. கொட்டுகிற மழையில் எதிர்வீட்டுக்காரர் குடையை நீட்டினார். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வீடு வரை தொப்பலாக நனைந்தாள். மொழி வகுப்பில் ஒரு பெண் தன் கனமான குளிர்கோட்டு ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். "ஐயோ, எதுக்குங்க" என்றாள் இவள். அடுத்த வாரம் அந்தக் கோட்டு வேறொருத்தி தோளில் உட்கார்ந்திருந்தது.

ஒரே ஒரு முறைதான் நாக்கு சொன்னபடி கேட்டது. அது நடந்தது கட்டிடத்தின் அடித்தளத்தில், எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில்.

அவளுடைய பாவாடை நாடா உருவிக்கொண்டு போய் மிஷினுக்குள் எங்கேயோ சுற்றிக்கொண்டது. மிஷின் உறுமி, திணறி, அப்படியே நின்றது. கதவைத் திறந்து பார்த்தால் துணி எல்லாம் ஒரே பந்தாகச் சுருண்டு கிடக்கிறது. அடுத்து துவைக்க வந்து காத்திருந்தவர், கீழ்வீட்டில் தனியாக இருக்கும் பெண்மணி. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, காக்கி நிறத்தில் சீருடை. வாசலில் நிற்கிற பச்சை பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர்தான் என்பது இவளுக்குத் தெரியும். திட்டப் போகிறார் என்று இவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவரோ மேலே போய் டார்ச்சும் குறடும் எடுத்துவந்து, தரையில் படுத்துத் தலையை மிஷினுக்குள் விட்டார். வெகுநேரம் கழித்து, கிழிந்து நாராகிப் போன நாடாவோடு வெளியே வந்தார்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டது அந்த ஊர் மொழியில்தான். இவள் அதை உடைத்து உடைத்து, பாதியைக் கையாலும் மீதியைக் கண்ணாலும் பேசுவாள். நான் நம் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"இந்தக் கயிறு எதுக்கு?"

இவள் இடுப்பில் கட்டிக் காட்டினாள். புடவை முழுக்க இதில்தான் நிற்கிறது என்பதையும் எப்படியோ புரியவைத்தாள்.

"அவ்வளவு நீளத் துணியும் இந்த ஒரு கயித்தை நம்பியா நிக்குது?" என்று கேட்ட டிரைவரம்மா, நாடாவை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். "நீ ரொம்ப தைரியசாலிதான். வீட்ல டீ போடப் போறேன், குடிக்கிறியா?"

"பரவா..." என்று இழுத்த நாக்கைக் கடித்து, கண் முன்னால் வந்து நின்ற கேக்கை நினைத்துக்கொண்டு, "குடிக்கிறேன்" என்றாள்.

அன்றைக்குத் தொடங்கிய சிநேகம். இவள் அவரை அக்கா என்று கூப்பிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், அதன் பிறகு வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட விடவில்லை. காலையில் இவள் படியிறங்கி ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் பச்சை பஸ் ஒரு மூச்சு கூடுதலாக நிற்கும். குளிரில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் கடையில் சாயங்காலத்துக்கு மேல் காய்கறி மலிவு, டாக்டரிடம் எப்படிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார், எல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஊர் பேர் தெரியாத இடத்தில் இப்படி ஒரு ஆளைக் கொண்டுவந்து கீழ்வீட்டில் வைத்த கடவுளை அவள் நினைக்காத நாளில்லை.

அப்புறம் அவள் உண்டானாள்.

தலைப்பிரசவம். நம்மில் பெற்றவள் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். அம்மாவுக்கும் வர ஆசைதான், பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவரை எழுப்பி உட்கார வைக்கக்கூட அம்மாதான் வேண்டும். போனில் அம்மா அழுதாள்.

"பாப்பா, பக்கத்துல யாரு இருப்பா?"

"உங்க மாப்பிள்ளை இருப்பாரு."

"ஆம்பள என்ன பண்ணுவாரு? மயக்கம் போட்டு விழாம இருந்தா அதுவே பெரிய உபகாரம்."

இவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் அது வேறு மாதிரியாகிப் போனது. வலி வந்தால் என்ன சொல்லிக் கத்துவது என்றுகூட இந்த ஊர் மொழியில் அவளுக்குத் தெரியாது. கணவன் பக்கத்தில் இருப்பேன் என்று சத்தியம் செய்தான். ஆனால் அவன் வேலை அப்படி. எந்த ஊரில் எந்தக் கட்டிடத்தில் லிப்ட் நின்றாலும் ஓட வேண்டும். உள்ளே இறங்கிவிட்டால் போன் எடுக்காது.

ஒரு நாள் மாடிப்படியில் டிரைவரம்மா எதிரே வந்தார். இவள் மூச்சு வாங்கி ஏறுவதைப் பார்த்து, கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"உங்க ஊர்ல குழந்தை பிறக்கறப்ப யாரு கூட இருப்பாங்க?"

"அம்மா." அம்மாவால் வர முடியாமல் போனதையும் எப்படியோ சொல்லிவிட்டாள்.

"அப்ப நான் வரட்டுமா? என் பையன் பிறந்தப்ப நான் தனியாத்தான் கிடந்தேன். அது நல்லா இல்ல. டாக்டர் உனக்கு நாள் சொல்லியிருக்கிற வாரம் எனக்கு லீவு இருக்கு. உன் வீட்டுக்காரர் வந்து சேர்ற வரைக்கும் நான் உன் கூட இருக்கேன்."

பால் பொங்கி வருகிற மாதிரி அவளுக்குள் எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை நாளும் ஏங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, பாவி நாக்கு முந்திக்கொண்டது.

"ஐயோ, வேண்டாம்க்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சிரமமெல்லாம் ஒன்றுமில்லை, நான் வருவேன் என்று சொல்லப் போகிறார், சரிக்கா என்று கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அப்படியே நின்றாள். டிரைவரம்மா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சரி" என்றார். கைப்பையை வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கதை கேட்ட கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கேக்னா போகுது. இதுக்குமா வேண்டாம்னு சொல்லுவ?"

"வாயில வந்துருச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"கீழ போய் நேராக் கேளேன். இதுல என்ன வந்தது?"

என்ன வந்ததா? நாமாகப் போய், எனக்கு இதைச் செய்யுங்கள் என்று எப்படிக் கேட்பது? சோற்றுக்கு உப்புக்கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழுந்து பழகியவள் அவள். ஆனாலும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, வெறுங்கையோடு போகாமல் ஒரு டப்பாவில் இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு போனாள். டிரைவரம்மா கதவைத் திறந்தார். "எனக்கா? சந்தோஷம்" என்று முதல் தடவையே வாங்கிக்கொண்டு, நின்றபடியே ஒன்றை வாயில் போட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"நல்லவேளை, நானே சொல்லணும்னு இருந்தேன். அந்த வாரம் நான் இங்கதான் இருப்பேன், வேலையில. என் லீவை டிப்போல ஒருத்தருக்கு விட்டுக் குடுத்துட்டேன், அவர் பொண்ணுக்குக் கல்யாணமாம். உனக்குத்தான் வேண்டாமே."

"நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். கோபம் அவர் மேல் இல்லை. லீவு ஒதுக்கி வைத்து, வரட்டுமா என்று கேட்ட மனுஷியை வேண்டாம் என்று சொன்ன தன் வாயின் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே, ஒரு காலைப்பொழுதில் இடுப்பில் வலி கண்டது. கணவன் விடியும்போதே வேறு ஊருக்குப் போயிருந்தான். போன் எடுக்கவில்லை. கம்பெனியில் பேசியபோது, ஆள் இருபதாவது மாடிக்கு மேலே இருக்கிறான், தகவல் சொல்லி இறக்குகிறோம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பேசிய நர்ஸ், அவசரமில்லை, நேரம் இருக்கிறது, நிதானமாக வந்து சேருங்கள் என்றாள். டாக்ஸியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரி அந்தப் பஸ் போகிற வழியில்தான் இருந்தது. பஸ்ஸுக்காகத்தான் போனாளா, பஸ் ஓட்டுகிறவருக்காகப் போனாளா என்று கேட்டால் இன்றைக்கும் அவள் பதில் சொல்ல மாட்டாள்.

பச்சை பஸ் வந்தது. டிரைவரம்மா அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். பஸ்ஸின் படி தரைக்குத் தாழ்ந்தது. "முன்னாடியே உக்காரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அந்தப் பஸ் போனதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு குழி விடாமல் ஒதுங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி வளைந்து போனது. வலி வந்து அவள் கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் கண்ணாடியில் அந்தக் கண்கள் அவளைத்தான் பார்த்தன.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. டிரைவரம்மா இறங்கி வந்து, பையை எடுத்து நடைபாதையில் வைத்து, அவளைக் கைப்பிடித்து இறக்கினார். தோளில் கை வைத்து, "எல்லாம் நல்லபடியா நடக்கும், தைரியமாப் போ" என்றார். திரும்பிப் போய் இருக்கையில் உட்கார்ந்தார்.

கேட்கவில்லை. கேட்க மாட்டார். இந்த ஊரில் ஒரு தடவைதான் கேட்பார்கள். அந்த ஒரு தடவையை இவள் மாடிப்படியிலேயே தொலைத்துவிட்டாள்.

கதவு மூடுவதற்கு முன்னால் அவள் படியில் ஒரு காலை வைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு நான் வேண்டாம்னு சொன்னேன். அது சும்மா. எங்க ஊர்ல முதல்ல அப்படித்தான் சொல்லுவோம். நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு காத்திருந்தேன். நீங்க கேக்கல. அதனால இப்ப நான் கேக்கறேன். என் கூட வாங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

உடைந்த மொழியில், இலக்கணம் கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கமாகக் கிடக்க, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

டிரைவரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டிப்போவோடு பேசும் மைக்கை எடுத்து ஏதோ சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் எகிறியது. "இல்ல, அப்புறம் இல்ல, இப்பவே" என்று சொல்லி மைக்கை மாட்டினார். எழுந்து பயணிகளைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க, பின்னால வர்ற பஸ்ல ஏறிக்கங்க" என்றார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். மற்றவர்கள் பேசாமல் இறங்கினார்கள். வண்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நடைபாதையில் கிடந்த பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நட" என்றார்.

அன்று பகல் முழுக்க அந்தக் கை அவள் கையை விடவில்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. எத்தனை இறுக்கினாலும் தாங்கியது. அவள் அம்மா, அம்மா என்று கத்தினாள். அதற்கு மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. நர்ஸ் சொன்னதையெல்லாம் டிரைவரம்மா மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தையாக்கித் திரும்பச் சொன்னார். நடுவில் ஒரு தரம், "ஏன் அன்னிக்கு மறுபடி கேக்கலக்கா?" என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா அதை மதிக்கணும். மறுபடி மறுபடி கேட்டா, உன் வார்த்தையை நான் நம்பலன்னு ஆயிடும். அப்படித்தான் எங்களை வளர்த்தாங்க" என்றார் அவர். "மூச்சை விடு."

பெண் குழந்தை. பெற்றவளுக்கு அடுத்து அதைக் கையில் வாங்கியவர் டிரைவரம்மாதான். சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு கணவன் ஓடிவந்தபோது, குழந்தை அந்தக் காக்கிச் சீருடை மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் அழுதுகொண்டே கும்பிட்டான். வீடியோவில் அம்மா, பேத்தியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மனுஷியைத்தான் பார்த்தாள். "நீங்க நல்லா இருக்கணும்மா, உங்க வம்சம் நல்லா இருக்கணும்" என்று தமிழிலேயே சொன்னாள். எல்லாம் புரிந்த மாதிரி டிரைவரம்மா தலையை ஆட்டினார். பஸ்ஸை நடுவழியில் நிறுத்தியதற்கு மறுநாள் டிப்போவில் அவருக்கு நல்ல அர்ச்சனை நடந்ததாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு, வேலை முடிந்து போகும்போதெல்லாம் மாடியேறி வருவார். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே குழந்தையைப் பார்ப்பார். "காப்பி குடிக்கிறீங்களாக்கா?" என்று இவள் கேட்பாள். "வேண்டாம், போகணும்" என்பார். இவளும் சரிக்கா என்று விட்டுவிடுவாள். வேண்டாம் என்றால் மதிக்க வேண்டும் என்பதைத்தான் ஆஸ்பத்திரியில் வைத்து நன்றாகப் படித்துக்கொண்டாளே, சமர்த்து.

ஒரு நாள் அதே மாதிரி கேட்டாள். அவரும் அதே மாதிரி, "வேண்டாம்" என்றார். ஆனால் போகவில்லை. கை கதவு நிலையிலேயே இருந்தது. கீழே அவர் வீட்டில் விளக்குப் போட ஆளில்லை என்பது இவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மகன் எங்கோ தூரத்தில் இருந்தான்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கக்கா" என்றாள்.

"இல்ல, உனக்கு எதுக்குச் சிரமம்?"

அட, இது நம்ம வசனமாச்சே. இவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சிரமமாவது ஒண்ணாவது. கோட்டைக் கழட்டுங்க. குடிக்காம நீங்க போக முடியாது."

டிரைவரம்மா கோட்டைக் கழற்றினார். உட்கார்ந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்.

"வேண்டாம்னு சொன்ன பிறகு என்னை யாரும் கேட்டதே இல்ல" என்றார் கடைசியில். "அது எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு."

"எப்படி இருக்குக்கா?"

அவர் காலி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு டம்ளர் போடட்டுமா?"

"வேண்டாம்" என்றார் டிரைவரம்மா.

இவள் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.